வால்வு அம்ப்ளிஃபயர் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இளைஞர்கள் சிலர் இசைத்தட்டுகளையும் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளையும் தேடிப்பிடித்து, அவற்றோடு ஒரு வால்வு அம்ப்ளிஃபயரையும் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலாக, உள்ளே இழை ஒளிரும் கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) சேர்த்து, பழைய பாணி ஸ்டீரியோ ஒன்றை வீட்டில் அமைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். நல்ல விருப்பம். ஆனால் எங்கள் தலைமுறை பட்டுத் தெளிந்த அதே பிழைகளை அவர்களும் வரிசையாகச் செய்வதை, இந்தப் பெட்டிகளைத் திருத்துபவன் என்ற வகையில் தொடர்ந்து பார்க்கிறேன். வலது இடதை மாற்றிக் கொழுவுவது போன்று கேட்ட மாத்திரத்தில் பிடிபடும் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன். கைக்காசை விழுங்கும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்ப்ளிஃபயரை வாங்கிய பிறகு ஸ்பீக்கரைப் பற்றி யோசிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பிழையிலிருந்தே முளைக்கின்றன.

ஆரையம்பதியைச் சேர்ந்த ஓர் இளைஞர், வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் அழகான சிறிய வால்வு அம்ப்ளிஃபயர் ஒன்றை வரவழைத்திருந்தார். வலது, இடது என்று பக்கத்துக்கு ஒரேயொரு ஈஎல்84 ரக வெளியீட்டு வால்வு, அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு. நான்கு வாட் அளவு வலு. அதை ஏற்கெனவே வீட்டிலிருந்த, அலுமாரித் தட்டில் வைக்கும் அளவான சிறிய ஸ்பீக்கர் சோடியுடன் கொழுவினார். குரல் மட்டும் மெல்ல ஒலிக்கும்வரை எல்லாம் இனிமையாக இருந்தது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுச் சற்றே சத்தத்தைக் கூட்டியதும் தவிலின் அடி அடியாக விழாமல், நனைந்த துணியில் விழுந்ததுபோல் அமுங்கியது. மேலே மின்விசிறி சுழன்றால் பாட்டின் மெல்லிய இடங்கள் கேட்கவேயில்லை. விற்றவரிடம் கேட்டபோது, வால்வு தரம் குறைந்தது, நல்ல கம்பனி வால்வைப் போட்டால் சத்தம் திறக்கும் என்று பதில் வந்தது. அவரும் மாற்றினார். பிறகு இன்னொரு சோடி வால்வும் வாங்கினார். அம்ப்ளிஃபயரின் விலையில் பாதிக்கு மேல் வால்வுகளுக்கே போன பிறகுதான் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். அதில் எந்தப் பழுதும் இருக்கவில்லை.

அந்த ஸ்பீக்கரின் பின்பக்கத் தகட்டிலேயே விடை அச்சிடப்பட்டிருந்தது: 84 டெசிபெல். ஒரு வாட் வலுவைக் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எவ்வளவு சத்தம் எழும் என்பதைக் காட்டும் எண் அது. அதுவே ஸ்பீக்கரின் உணர்திறன். சத்தம் மூன்று டெசிபெல் கூட வேண்டுமென்றால் வலு இரு மடங்காக வேண்டும். ஆகவே 84 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டு வாட்டில் 87, நான்கு வாட்டில் 90 என்ற அளவோடு நின்றுவிடும். கேட்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருவதற்குள் அதிலும் சில டெசிபெல் குறைந்துவிடும். இசையில் தாளவாத்தியத்தின் ஓர் அடி, பாட்டின் சராசரிச் சத்தத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் மேலே எழுவது சாதாரணம். அந்த உச்சங்களுக்கு இடம்விட்டால் சராசரிச் சத்தம் மிகவும் தாழ்ந்துவிடும்; இடம்விடாமல் சத்தத்தைக் கூட்டினால் வால்வு தன் எல்லையை முட்டி, உச்சங்களை மழுக்கிவிடும். அவர் கேட்ட அமுங்கிய தவில் அதுதான்.

இதே அம்ப்ளிஃபயரை 93 டெசிபெல் ஸ்பீக்கருடன் கொழுவினால் என்ன நடக்கும்? ஒன்பது டெசிபெல் வித்தியாசம் என்பது எட்டு மடங்கு வலு. நான்கு வாட் பெட்டி, அந்தச் சிறிய ஸ்பீக்கருக்கு 32 வாட் கொடுத்ததற்குச் சமமான சத்தத்தைத் தரும். எந்த உயர்ந்த வால்வை மாற்றினாலும் இந்த எட்டு மடங்கு கிடைக்காது. விற்பவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துகொண்டே ஓர் இளைஞரை இரண்டு முறை வால்வு வாங்கவைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அக்காலத்து வால்வு றேடியோ சில வாட் வலுவில் முற்றம் வரைக்கும் கேட்டதே என்று பலர் கேட்பதுண்டு. உண்மைதான். அந்த றேடியோக்களில் இருந்தது இலேசான காகிதக் கூம்பும் பெரிய மரப்பெட்டியும். அவை கொஞ்ச வலுவிலேயே உரத்து ஒலிக்கும்படி செய்யப்பட்டவை. 1954 இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் வெளியிட்ட ஏஆர்-1 ஸ்பீக்கர், சிறிய மூடிய பெட்டியிலும் ஆழ்ந்த கீழ்ச்சுரத்தைக் கொண்டுவரலாம் என்று காட்டியது. அதற்கு அது கொடுத்த விலை உணர்திறன். பின்னர் ட்ரான்சிஸ்டர் வந்து வலு மலிவானதும் அந்த வழியே பொதுவழியாயிற்று. சிறிய பெட்டி, ஆழ்ந்த கீழ்ச்சுரம், உயர்ந்த உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்பதை ஹொஃப்மனின் இரும்பு விதி என்று ஒலித்துறையினர் அழைப்பார்கள். சிறிய பெட்டியில் எல்லாம் கிடைக்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

எனவே முதலில் ஸ்பீக்கரைத் தீர்மானியுங்கள். உணர்திறன் 92 டெசிபெலுக்கு மேலிருந்தால் ஒற்றை வால்வு வெளியீட்டுப் பெட்டி போதும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 87 முதல் 90 வரையிலான ஸ்பீக்கர் என்றால், பக்கத்துக்கு இரண்டு ஈஎல்84 கொண்ட, ஒன்று தள்ள மற்றது இழுப்பதுபோல் அவை சோடியாக வேலை செய்யும் புஷ்-புல் வகையைத் தேடுங்கள். பத்து முதல் பதினைந்து வாட் கிடைக்கும். குறைந்த செலவில் நிறைவான ஒலி தரும் வகை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. வால்வு செய்த முல்லார்ட் நிறுவனம் 1954 இல் வெளியிட்ட, ஐந்து வால்வில் பத்து வாட் தரும் சுற்றின் சாயலை இன்றைய மலிவான பெட்டிகள் பலவற்றிலும் காணலாம். ஸ்பீக்கர் 86 டெசிபெலுக்குக் கீழே இருந்தால் ஈஎல்34 புஷ்-புல்லின் முப்பது வாட்டுக்குப் போக வேண்டும். விலையும் கூடிக்கொண்டே போகும்.

தகட்டிலுள்ள எண்ணைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல நிறுவனங்கள் ஒரு வாட் என்று எழுதாமல் 2.83 வோல்ட் என்று எழுதும். எட்டு ஓம் ஸ்பீக்கரில் அது ஒரு வாட். நான்கு ஓம் ஸ்பீக்கரில் அது இரண்டு வாட். ஆகவே நான்கு ஓம் என்றிருந்தால் அந்த எண்ணிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். கல்லடி போன்று கடலோரத்தில், யன்னல்களைத் திறந்து, மின்விசிறியும் போட்டுக்கொண்டு கேட்பவர்களுக்கு இந்த மூன்று டெசிபெல் சிறிய விடயமல்ல.

வால்வு ஒளிர்வதைக் கண்டு, முழுவதும் வால்வு என்று நம்புவது

மலிவாக விற்கப்படும் சிறிய பெட்டிகள் பலவற்றில் வால்வு முன்பகுதியில் மட்டுமே வேலை செய்கிறது. ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளேயிருக்கும் ஒரு சிப். வால்வுக்கு அடியில் செம்மஞ்சள் எல்ஈடி ஒன்றையும் பொருத்திவிடுவார்கள். இவை கெட்ட பொருள்கள் அல்ல. வாங்குபவர் அறிந்து வாங்கினால் சரி. மடிக்கணினிக்குப் போன்ற சிறிய அடாப்டரில் இயங்கிக்கொண்டு ஐம்பது வாட் என்று சொன்னால் அது நிச்சயம் கலப்பு வகை. உண்மையான வால்வு ஸ்டீரியோவில் பொதுவாக மூன்று இரும்புக் கட்டிகள் இருக்கும்: மின்வழங்கலுக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபோமர், வால்வின் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித்தர, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர்கள். சந்தேகமிருந்தால் மின்னைத் துண்டித்து, ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் 0 என்றும் 8 ஓம் என்றும் குறிக்கப்பட்ட இணைப்புகளில் வைத்துப் பாருங்கள். வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் இருந்தால் ஒரு ஓமை ஒட்டிய மிகச் சிறிய தடையே காட்டும்.

வால்வு அம்ப்ளிஃபயரின் விலையில் பெரும்பங்கு இந்த வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமருக்கே உரியது. பளபளக்கும் முகப்புக்காக அதில் சிக்கனம் பிடித்த பெட்டியைவிட, முகப்பு சாதாரணமாகவும் இரும்பு கனமாகவும் இருக்கும் பெட்டியே மேல்.

100 வோல்ட் பெட்டியை மலிவு என்று தூக்கிவருவது

ஜப்பானில் பாவித்த லக்ஸ்மன், சன்சுய், ட்ரியோ போன்ற பெட்டிகள் நல்லவை. ஆனால் அந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட், எங்களுடையது 230. நேரே கொழுவினால் அதே நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் செய்யப்படும் பிழை, 110 வோல்ட் தரும் ட்ரான்ஸ்ஃபோமரை வாங்கிக் கொழுவுவது. பத்து வீதம்தானே கூட என்று தோன்றும். வால்வின் இழைக்கு வர வேண்டிய 6.3 வோல்ட் 6.9 ஐத் தாண்டுகிறது. 350 வோல்ட்டில் நிற்க வேண்டிய உயர் மின்னழுத்தம் 385 ஆகிறது. மின்னைச் சேர்த்துவைக்கும் பழைய கண்டென்சர்கள் அதைத் தாங்காது. எங்கள் மின்சாரமே சில நேரங்களில் 230 ஐத் தாண்டி வருவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாக 100 வோல்ட் தரும், பெட்டியின் தேவையைப்போல் இரு மடங்கு தாங்கக்கூடிய ட்ரான்ஸ்ஃபோமரையே வாங்க வேண்டும்.

கிழக்கு ஜப்பானில் 50 ஹேர்ட்ஸும் மேற்கு ஜப்பானில் 60 ஹேர்ட்ஸும் வழங்கப்படுவதால் அந்நாட்டுப் பெட்டிகளில் பொதுவாக இரண்டும் குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியில் 60 என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கள் 50 ஹேர்ட்ஸில் அதன் ட்ரான்ஸ்ஃபோமர் அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும்.

ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கிப் பார்ப்பது

ஒருபோதும் வேண்டாம். வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்துவிடும்.

பழைய பெட்டியை வாங்கிய அன்றே மின்சாரம் கொடுப்பது

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டியின் கண்டென்சர்கள் உள்ளே உலர்ந்திருக்கும். வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு (வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலை) முன்னாலுள்ள கண்டென்சர் கசியத் தொடங்கினால், வால்வுக்குள் கட்டுமீறிய மின்னோட்டம் பாயும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளேயிருக்கும் சாம்பல்நிறத் தகட்டின் நடுவில் மங்கலான சிவப்புத் திட்டு ஒன்று தோன்றி மெல்லப் பரவுவது தெரியும். இழையின் இதமான செம்மஞ்சள் ஒளியோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. அந்தச் சிவப்பைக் கண்டவுடன் மின்னை நிறுத்தினால் வால்வு பிழைக்கலாம். அழகாக எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் வால்வும் ட்ரான்ஸ்ஃபோமரும் சேர்ந்தே போகும்.

கண்டென்சர்களைச் சோதித்து மாற்றிய பிறகு, முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்துக் கொடுக்க வேண்டும். உள்ளே கோளாறு இருந்தால் பல்ப் பிரகாசமாக எரிந்து பெட்டியைக் காப்பாற்றும். இந்த வேலை தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கும். அது ஆளைக் கொல்லும்.

வால்வின் பெயருக்குக் காசு கொடுப்பது

முல்லார்ட் என்ற பெயர் இன்றும் பெட்டியில் அச்சாகி வருகிறது. அன்று அது இங்கிலாந்தின் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. இன்று அதே பெயரில் வருவது ரஷ்யாவின் சரத்தோவில் செய்யப்படும் வால்வு. அது நல்ல வால்வுதான், ஆனால் பழைய முல்லார்ட்டின் விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பெயரைவிட முக்கியமானது, உங்கள் பெட்டி கேட்கும் வால்வு இன்றும் உற்பத்தியில் இருக்கிறதா என்பதே. ஈஎல்84, ஈஎல்34, 6எல்6, 12ஏஎக்ஸ்7 ஆகியவை சுலோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்யப்படுகின்றன. வெளியீட்டு வால்வு சில ஆயிரம் மணித்தியாலங்களில் தேய்ந்துபோகும் பொருள் என்பதால், கிடைக்காத வால்வைக் கேட்கும் பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது மலிவல்ல.

கண்ணாடி அலுமாரிக்குள் வைப்பது

சூடு வெளியேற வழியில்லை. வெளியே, உயரத்தில், சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இசைத்தட்டுக்கான உள்ளீட்டை மறப்பது

மலிவான வால்வு அம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலானவற்றில் இசைத்தட்டுக் கருவியை நேரே கொழுவ முடியாது. காந்த வகை ஊசித்தலை தருவது ஐந்து மில்லிவோல்ட் அளவுதான். அம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீடு எதிர்பார்ப்பது அதைப்போல் நூறு மடங்குக்கு அண்மித்தது. அத்தோடு, இசைத்தட்டில் கீழ்ச்சுரத்தைக் குறைத்தும் மேற்சுரத்தைக் கூட்டியும் பதிவதால், அதை மீண்டும் சமப்படுத்தும் ஆர்ஐஏஏ சுற்றும் வேண்டும். இரண்டையும் செய்யும் ஃபோனோ முன்பெருக்கிக்கான செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவையுங்கள். அது வால்வில் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

மின்கட்டணத்தையும் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்காதிருப்பது

ஒற்றை வால்வு வகைப் பெட்டி பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மின்சாரத்தைக் குடிக்கும். 150 வாட் எடுக்கும் பெட்டியை நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் போட்டால் மாதத்துக்கு 18 அலகு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது அறையையும் சேர்த்துச் சூடாக்கும். ஆகவே கேட்காத நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

கடற்கரையோர ஊர்களில் வால்வின் ஊசிகளிலும் சொக்கெட்டுகளிலும் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். கரகரப்பும், ஒரு பக்கம் சத்தம் வந்து போவதும் பெரும்பாலும் அதனால்தான். மின்னைத் துண்டித்து, பெட்டி நன்றாக ஆறிய பிறகு, வால்வை நேராகப் பிடித்து இழுத்து, ஊசிகளைத் தொடுமுனை சுத்திகரிக்கும் திரவத்தால் துடைத்து மீண்டும் பொருத்தினால் போதும். மாரி மாதங்களில் பெட்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கி ட்ரான்ஸ்ஃபோமரின் தகடுகள் துருப்பிடிக்கும். பருத்தித் துணியால் மூடி, கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் இயக்கிவிடுங்கள்.