கற்பிட்டிக்குப் போகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

டிசம்பர் லீவு நெருங்கினால் கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "உங்கட ஊர்ப்பக்கம் டொல்பின் பார்க்கலாமாமே, எப்படிப் போறது?" நான் புத்தளத்துக்காரி. உம்மம்மா வழிச் சொந்தம் கற்பிட்டியில் இருப்பதால் அந்த ஊரும் எனக்குப் பாதி வீடு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹோட்டல் பிறகு. கடலுக்குப் போக நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் காலம். மே பிறந்தால் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கிவிடும். வெளிக்கடல் கொந்தளிக்கும், டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் போட்டுகள் கரையேறிவிடும். அந்த மாதங்களில் வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருவார்கள். அவர்களுக்கு வேண்டியது காற்று, நமக்கு வேண்டியது காற்று இல்லாத காலை. ஓகஸ்ட் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து "டொல்பின் எங்கே?" என்று கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 165 கிலோமீற்றர். புறக்கோட்டையில் புத்தளம் பஸ் ஏறி, புத்தளத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாலாவிச் சந்தியில் இறங்கி, கற்பிட்டி பஸ் பிடிக்கலாம். ரயிலும் பாலாவியில் நிற்கும், ஆனால் அது ஆடி அசைந்து வரும். பாலாவியில் உப்பளங்கள் தெரியும். அதிலிருந்து ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். நுரைச்சோலையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வரும். அழகாக இல்லை, ஆனால் சரியான ரோட்டில்தான் வருகிறீர்கள் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். இரு பக்கமும் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட் தோட்டங்கள். ரோட்டில் கழுதைகள் நின்றால் ஹோர்ன் அடித்துப் பயனில்லை, அவை தங்களுக்குத் தோன்றும்போதுதான் நகரும்.

ஒரு நாளில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். போட் காலை ஆறு, ஆறரைக்கே கிளம்பும். முதல் நாள் பின்னேரம் வந்து, இரண்டு இரவு தங்குங்கள். ஒரு காலை காற்று கெடுத்தாலும் மறு காலை கையில் இருக்கும்.

தங்குவதற்கு ஆலங்குடா, கந்தக்குழிப் பக்கம் கடற்கரைக் கபானாக்கள் உண்டு. ஊருக்குள்ளே மலிவான அறைகளும் உண்டு. போட்டை ஹோட்டல்காரர் மூலமாகவோ கரையில் நேரடியாகவோ பேசலாம். பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: விலை ஆளுக்கா, போட்டுக்கா? எத்தனை மணித்தியாலம்? பிள்ளைகளின் அளவுக்கு லைஃப் ஜக்கெட் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு "இருக்கு இருக்கு" என்பார்கள். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டியை "நாநா" என்றோ "அண்ணன்" என்றோ கூப்பிட்டால் போதும், இங்கே தமிழும் சிங்களமும் இரண்டும் ஓடும். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் இந்தப் பக்கம் குடியேறியதால், கடைகளில் மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும்கூடக் காதில் விழும்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள். இரண்டு பிஸ்கட், ஒரு பிளேன்டீ, அவ்வளவுதான். தலைசுற்றல் வரும் ஆளென்றால் மாத்திரையைக் கரையிலேயே போடுங்கள், கடலில் சத்தி வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். போட்டை அலைக்குள் தள்ளி ஏற்றுவார்கள், இடுப்புவரை நனைவது நிச்சயம். போனைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே வருபவை பெரும்பாலும் ஸ்பின்னர் டொல்பின்கள். சில நாட்களில் நூற்றுக்கணக்கில் வரும். முதலில் தண்ணீர் ஒரு இடத்தில் மட்டும் கொதிப்பது மாதிரித் தெரியும். கிட்டப் போனால் மெல்லிய நீண்ட மூக்கு, சாம்பல் முதுகு, வெளிறிய வயிறு. ஒன்று நேராக மேலே பாய்ந்து, பம்பரம் போலத் தன் உடம்பையே சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் 'பொத்'தென்று விழும். உடம்பில் ஒட்டிய மீனை உதறுவதற்கு என்றும், கூட்டத்துக்குச் சத்தம் கொடுப்பதற்கு என்றும் சொல்கிறார்கள். தாயோடு ஒட்டி நீந்தும் குட்டியைத் தேடிப் பாருங்கள், தாய் மூச்செடுக்கும் அதே நேரத்தில் குட்டியும் மேலே வரும்.

இந்த டொல்பின்கள் இரவில் ஆழத்தில் இரை தேடிவிட்டு, பகலில்தான் ஓய்வெடுக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சில போட்டுக்காரர்கள் காசு கொடுத்தவர்களைக் குஷிப்படுத்துவதற்காகக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டுவார்கள். ஒரு முறை ஐந்தாறு போட்டுகள் சேர்ந்து வளைத்துக்கொள்ள, அவ்வளவும் ஒரே முக்காக முங்கிப் போய்விட்டன; அரை மணித்தியாலம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். "நாநா, எஞ்சினைக் குறைங்க, பக்கத்தால போவம்" என்று நீங்களே சொல்லுங்கள். துரத்தாமல் இருந்தால் அவையே போட்டின் முன்பக்கம் வந்து கூட ஓடும்.

இன்னும் வெளியே, கடலடி சட்டென்று ஆழமாகும் இடத்தில் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் வரும்; மார்ச், ஏப்ரல் அதற்கு நல்லது. மூச்சு விடும்போது நீர்த்தூவல் நேராக மேலெழாமல் முன்னால் இடப்பக்கம் சாய்ந்து போனால் அது ஸ்பேர்ம் திமிங்கிலம்தான். இதற்கு நீண்ட பயணம், கூடுதல் காசு, வெயில். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

கற்பிட்டிக் கடலில் இருக்கும் பார் ரீஃப் பவளப்பாறையை 1992இல் சரணாலயமாக்கினார்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது. ஆகவே விளம்பரப் படத்தில் இருக்கும் நிறங்களை எதிர்பார்த்து முக்குளிக்காதீர்கள். மீன்களுக்காகப் போகலாம்.

தீவுகளில் என் தெரிவு பத்தலங்குண்டு. சுற்றுலாவுக்காக ஒப்பனை செய்த தீவு இல்லை, மீனவர்களின் ஊர். கற்பிட்டி இறங்குதுறையிலிருந்து ஐஸ், சாமான், ஆட்கள் எல்லாம் ஒன்றாக ஏறும் போட்டில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். அங்கே வாடிகள் (மீனவர் குடிசைகள்), ஒரு தேவாலயம், மணலில் விரித்த வலைமேல் பிளந்து உப்பிட்டுக் காயவைத்த மீன், அதைச் சுற்றிக் காகங்கள். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும் போட் எப்போது என்பதை ஏறுவதற்கு முன்னாலேயே கேளுங்கள், இல்லாவிட்டால் இரவு அங்கேதான். பெண்களுக்கு ஒரு வார்த்தை: கழிப்பறை வசதியை நம்பிப் போகாதீர்கள், வாடியில் இருக்கும் பெண்களிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். உச்சமுனை கிட்ட இருக்கிறது, அரை நாள் போதும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அதுவே சரி.

ஊருக்குள் ஒல்லாந்தர் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் கட்டியது, இப்போது கடற்படையின் கையில் இருக்கிறது, வாசலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் வழியில்தான். மார்ச், ஓகஸ்ட் பெருவிழா நாட்களில் ரோடு முழுக்கச் சனம், பார்த்துத் திட்டமிடுங்கள்.

வில்பத்துவையும் சேர்க்கலாம், நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. புத்தளத்துக்கு வடக்கே எழுவன்குளம் வாசல் இருக்கிறது. ஜீப்பை முதல் நாளே பேசி வையுங்கள். வில்லுகளில், அதாவது காட்டுக்குள் இருக்கும் இயற்கைக் குளங்களில், தண்ணீர் வற்றும் மாதங்களில்தான் மிருகங்கள் வெளியே நன்றாகத் தெரியும், டிசம்பரில் டொல்பினும் சிறுத்தையும் ஒரே பயணத்தில் என்று ஆசைப்பட்டால் ஒன்று கோட்டை விடலாம். என்னைக் கேட்டால், அந்த நாளையும் களப்பிலேயே செலவழியுங்கள். பின்னேரம் காற்று விழுந்ததும் ஒரு சின்னப் போட்டில் கண்டல் காட்டு ஓரமாகப் போய் வாருங்கள். நண்டு வாங்கினால் சமைத்துத் தரும் சாப்பாட்டுக்கடை உண்டு, காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

திரும்பும்போது கருவாடு வாங்காமல் யாரும் வர மாட்டீர்கள். பழைய பேப்பரில் சுற்றி, பொலித்தீன் பை இரண்டு போட்டு, வாயை இறுக்கிக் கட்டுங்கள். ஏசி பஸ்ஸில் ஏறுவதாக இருந்தால் மூன்றாவது பையும் போடுங்கள், கண்டக்டர் மூக்கு லேசுப்பட்டதில்லை.