திரையின் அடியில் நிலைத்து நின்ற முன்னேற்றப் பட்டை

பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் அப்பா பல ஆண்டுகளாக எடுத்து வைத்த படங்களை ஸ்கேன் செய்தபின், அவற்றின் அளவைக் குறைக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) எழுதினேன். கோப்புப் பெயர்கள் திரையில் ஓட ஓட, வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் முன்னேற்றப் பட்டையும் அவற்றோடு மேலே போய் மறைந்தது. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் குறியை மட்டும் நம்பியதே பிழை. இடையில் வேறொரு செய்தி அச்சானால் அந்த வரி கைவிட்டுப் போய்விடும்.

திரையின் உருளும் பகுதியையே சுருக்குவதுதான் சரியான வழி. 1978இல் வந்த விடி100 என்ற கணினி முனையத்திலேயே இருந்த வசதி இது. 24 வரிகள் கொண்ட திரையில் உருளும் பகுதியின் எல்லையைக் குறிக்கும் 'டிபுட் சிஎஸ்ஆர் 0 22' என்ற கட்டளையைக் கொடுத்தால், எண்ணிக்கை சுழியில் தொடங்குவதால், மேலுள்ள 23 வரிகள் மட்டுமே உருளும். கடைசி வரி பட்டைக்கு ஒதுங்கிவிடும்.

ஆனால் அந்தக் கட்டளை சுட்டியை (அடுத்த எழுத்து விழும் இடத்தைக் காட்டும் குறியை) திரையின் இடது மேல் மூலைக்குத் தள்ளிவிடுகிறது. என்னை அரைநாள் அலைக்கழித்தது இதுதான்: புதிய பெயர்கள் பழைய வரிகளின்மேல் எழுதப்பட்டு, இரண்டும் கலந்து படிக்க முடியாமல் போயின. முன்னதாக 'டிபுட் எஸ்சி' கொண்டு சுட்டியின் இடத்தைச் சேமித்து, பிறகு 'ஆர்சி' கொண்டு மீட்டதும் சீரானது. பட்டையை ஒவ்வொரு முறை வரையும்போதும் இதே இணையைத்தான் பயன்படுத்துகிறேன். சுட்டி ஏற்கெனவே கடைசி வரியில் இருக்கக்கூடும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வெற்று வரி அச்சிட்டு, ஒரு வரி மேலேறிக்கொள்வது நல்லது.

ஸ்கிரிப்ட் பாதியில் நிறுத்தப்பட்டாலும் முழுத் திரையும் மீண்டும் உருளும்படி, வெளியேறும் தருணத்துக்கு ஒரு 'டிராப்' (அப்போது தானாக இயங்கும் கட்டளை) கட்டாயம் வேண்டும். சாளரத்தின் அளவு மாறும்போது எல்லையைப் புதிதாகக் கணக்கிட இன்னொன்றும் சேர்த்தேன்.