தாய்லாந்தில் பாஸ்போர்ட்டை அடமானம் வைக்காதீர்கள்

குடும்பங்களையும் நண்பர் குழுக்களையும் தாய்லாந்துக்கு அழைத்துப்போவது என் தொழில். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது எப்போதும் அதே இடங்களில்தான், ஆரம்பத்தில் நானும் விழுந்த இடங்கள். தண்ணீர் குடியுங்கள், தொப்பி போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஸ்கூட்டருக்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நாள் வாடகை 200, 300 பாட்தான். கடைக்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார், நம்மவர்கள் யோசிக்காமல் எடுத்து நீட்டிவிடுகிறார்கள்.

ஃபூக்கெட்டில் என் குழுவில் வந்த ஒரு தம்பி அப்படித்தான் செய்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடிப்பக்கத்தில் ஒரு கீறலைக் காட்டி 15,000 பாட் கேட்டார்கள். கீறல் பழையது என்று நிரூபிக்க அவரிடம் ஒரு படம்கூட இல்லை. மறுநாள் விமானம். பாஸ்போர்ட் அவர்கள் மேஜைக்குள். வேறு வழியில்லாமல் பேரம் பேசிப் பாதியைக் கட்டிவிட்டு வந்தார்.

பாஸ்போர்ட்டின் நகலும் முன்பணமும் போதும் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, கடைக்காரர் முன்னிலையில் வீடியோ எடுங்கள். தகராறு என்றால் 1155, சுற்றுலாக் காவல்துறை. ஆங்கிலத்தில் பேசலாம்.

இதைவிடப் பெரிய செலவு உரிமத்தில் இருக்கிறது. கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். மருத்துவமனைக் கட்டணம் முழுவதும் உங்கள் தலையில். ஊரில் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அதில் இருசக்கர வாகனமும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் இதையெல்லாம் கேட்க மாட்டார். வழியில் நிறுத்தும் போலீஸ் கேட்பார், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். வண்டியின் கட்டாயக் காப்பீடு உடற்காயத்துக்கு மட்டும்தான், அதுவும் சிறு தொகை. வண்டிச் சேதத்துக்கு இல்லை.

ஓட்டிப் பழக்கம் இல்லையா? கிராப், போல்ட் என்ற டாக்ஸிச் செயலிகள் இருக்கின்றன. ஃபூக்கெட்டின் மலைச்சாலை ஓட்டிப் பழகும் இடமில்லை.

மழையைக் கவனிக்காமல் கடற்கரை பிடிப்பது

ஃபூக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமுய் தீவுக்கு மழை அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை. தீபாவளி விடுமுறைக்கு சமுய் வேண்டும் என்று கேட்பவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். மழைக்காலத்தில் ஃபூக்கெட்டில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். உள்ளிழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்துபவரையும் கொண்டுபோய்விடும்.

இரண்டு விமான நிலையங்கள்

பாங்காக்கில் சுவர்ணபூமி வேறு, டான் முவாங் வேறு. டிக்கெட்டைப் பாருங்கள்.

இ-சிகரெட்

கொண்டுபோகாதீர்கள். தடை.

வருகை அட்டை

தாய்லாந்துக்குள் நுழைய இந்த அட்டையை 2025 மே 1 முதல் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

“அரண்மனை இன்று மூடல்”

பாங்காக்கின் பெரிய அரண்மனை அருகே தெருவில் நின்று இதைச் சொல்பவரை நம்பி டுக்-டுக் ஆட்டோவில் ஏறினால் ரத்தினக் கடையில்தான் இறங்குவீர்கள். வாசல்வரை நடந்துபோய்ப் பாருங்கள்.

சைவம் என்று மட்டும் சொல்வது

காய்கறி வதக்கலிலும் மீன் சாஸ், சிப்பி சாஸ் இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தெரியும் ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். அங்கே முட்டை, பால் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள்.