வெள்ளைச் சோபா வாங்கியாச்சு, சுவருக்கு என்ன நிறம்?

வெள்ளைச் சோபா வீட்டுக்கு வந்த கையோடு பலரும் ஓடுகிற இடம் பெயின்ற் கடை. அந்த அவசரம் வேண்டாம். பெயின்ற் எந்த நிறத்திலும் கலந்து தருவார்கள். பதித்த தரையை மாற்ற முடியாது, பிடித்த துணி கேட்ட நிறத்தில் கிடைக்காது. அதனால் மாற்ற முடியாததில் தொடங்கிப் படிப்படியாக வந்து, பெயின்றைக் கடைசியாகத்தான் தெரிவு செய்ய வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து, முதல்முறை செய்கிறவர்களுக்காக அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

படி 1: சோபா எந்த வெள்ளை என்று பாருங்கள்

வெள்ளையில் இரண்டு பெரும் பிரிவு இருக்கிறது. மஞ்சள் அல்லது பால் சாயல் கலந்தது ஒன்று, நீலம் அல்லது சாம்பல் சாயல் கலந்தது மற்றது. தனியாகப் பார்த்தால் கண்ணுக்குப் பிடிபடாது, பக்கத்தில் இன்னொரு வெள்ளை இருக்க வேண்டும். காலை பத்து மணிபோல லைற் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சோபா இருக்கையில் ஒரு போட்டோகொப்பித் தாளையும், அதன் மறுபக்கம் வெளுக்காத பருத்தித் துணித் துண்டு ஒன்றையும் வையுங்கள். தாளில் வெண்மையைக் கூட்டும் பொருள் சேர்ப்பதால் அது இலேசாக நீலம் அடிக்கும். பருத்தித் துணி மஞ்சளாக இருக்கும். சோபா இரண்டில் எதற்குக் கிட்ட நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு விதியை மனதில் வையுங்கள்: சுவர் சோபாவைவிட வெள்ளையாக இருக்கக் கூடாது. பால் சாயல் சோபாவுக்குப் பின்னால் பளீர் வெள்ளைச் சுவர் இருந்தால், வாங்கி ஒரு கிழமையான சோபாவும் பழசாகிப் பழுத்த மாதிரித் தெரியும். சோபாவில் பிழை இல்லை, சுவர்தான் அப்படிக் காட்டுகிறது.

படி 2: தரையைக் கணக்கில் எடுங்கள்

அறுபது, முப்பது, பத்து என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அறையில் 60 வீதம் முதன்மை நிறம், 30 வீதம் துணை நிறம், 10 வீதம் எடுப்பான நிறம். நல்ல கணக்குத்தான். ஆனால் அதைப் பின்பற்றுகிற பலர் தரையை மறந்துவிடுகிறார்கள். கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற பெரிய நிறங்களில் ஒன்று தரை.

நம்மட பக்கம் இப்போது அதிகம் இருப்பது இரண்டடிக்கு இரண்டடி, பளபளக்கிற கிறீம் நிற டைல்ஸ். அதன்மேல் வெள்ளைச் சோபா, பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் சோபா எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இதற்குச் சோபாவின் முன்கால்கள் இரண்டும் ஏறி நிற்கிற அளவுக்கு ஒரு விரிப்புப் போடுங்கள். பின்கால்கள் வெளியே நிற்கலாம். மூன்று பேர் இருக்கிற சோபாவுக்கு ஐந்தடிக்கு ஏழடிக்குக் குறைந்தால் விரிப்பு கால்துடைப்பான் போலக் கிடக்கும். சந்தையில் வருகிற பொலியஸ்டர் விரிப்பைவிட நம்ம ஊர்ப் பன்பாய்க்கே நான் வாக்களிப்பேன். அந்த வைக்கோல் மஞ்சள் வெள்ளைக்கும் மரத்துக்கும் நடுவில் அழகாக நிற்கும். சாயப் பூ அதிகம் போடாத, ஓரத்தில் மட்டும் கோடு ஓடுகிற பாயாகப் பாருங்கள். இந்தத் தரைக்குச் சுவரில் சாம்பல் கலந்த இளம்பச்சை நன்றாக வரும். மப்பு நாளில் வாவித் தண்ணீர் இருக்கும் நிறம் என்றால் விளங்கும்.

பழைய வீடுகளில் சிவப்புச் சீமெந்துத் தரை இருக்கும். அதை உடைத்து டைல்ஸ் பதிக்க நினைக்கிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வேன். ஆரையம்பதியில் என் பெரியம்மா வீட்டு ஹோலில் அந்தத் தரைதான். எத்தனையோ வருடம் துடைத்துத் துடைத்து மினுங்குகிற கருஞ்சிவப்பு, நடக்கிற வழியில் மட்டும் சற்று வெளிறிப்போயிருக்கும். அதன்மேல் வெள்ளைச் சோபா வைத்தால் வேறெந்தத் தரையிலும் வராத எடுப்பு வரும். ஆனால் சிவப்பு தன் நிறத்தைச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் சோபாவின் அடியிலும் தெறிக்கும், வெயில் தரையில் விழும் நேரத்தில் சோபாவே இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆகவே இங்கே றோஸ், ஊதா சாயல் உள்ள சுவர் வேண்டவே வேண்டாம். மஞ்சள் சாயல் கொண்ட வெளிர் கிறீம் போதும். சிவப்புக்கு நேரெதிர் நிறம் பச்சை என்பதால், குஷனில் கரும்பச்சை, மூலையில் ஒரு செடிச்சட்டி. சிவப்புக் குஷன் மட்டும் போடாதீர்கள், தரையில் வேண்டிய அளவு சிவப்பு ஏற்கெனவே இருக்கிறது.

சாம்பல் டைல்ஸ் என்றால் நீலச் சாயல் வெள்ளைச் சோபா பொருந்தும். அறை குளிர்ந்துபோகாமல் மரத்தையும் கடுகு மஞ்சளையும் சேருங்கள்.

படி 3: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டு வீடியோக்களில் ‘வடக்குப் பார்த்த அறை குளிர்ச்சி, நீல வெளிச்சம்’ என்று பாடம் நடத்துவார்கள். அது பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே உள்ள நாடுகளுக்குச் சரி. மட்டக்களப்பு இருப்பது வடக்கே ஏறக்குறைய 7.7 பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. எனவே நமக்கு முக்கியம் கிழக்கும் மேற்கும். கிழக்கு யன்னல் உள்ள ஹோலில் காலையில் மஞ்சள் வெயில் அடித்து, பின்னேரம் மந்தமாகும். மேற்கு யன்னல் என்றால் மூன்று மணிக்குப் பிறகு சுவர் முழுக்கச் செம்மஞ்சள் ஏறும். மேற்கு வெயில் விழுகிற சுவருக்கு மஞ்சளோ, பீச் என்கிற இளஞ்செம்மஞ்சளோ அடிக்காதீர்கள், கண்ணில் எரியும். சாம்பல் கலந்த பச்சையோ நீலமோ அந்த வெயிலைத் தணிக்கும்.

முற்றத்தையும் எட்டிப் பாருங்கள். வெண்மணல் முற்றம் வெயிலை அப்படியே உள்ளே திருப்பி அனுப்பும், கிறவல் பரப்பிய முற்றம் செம்மஞ்சளை அனுப்பும். யன்னலோரம் தென்னையும் வாழையும் நிறைந்திருந்தால் வெள்ளைச் சோபாவில் இலேசான பச்சை விழும்.

அடுத்தது பல்ப். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; பல வீடுகளில் 6500 கெல்வின் ‘டேலைட்’ பல்ப்தான் தொங்குகிறது. அதன் நீல வெளிச்சத்தில் பால் சாயல் சோபா சாம்பி நிற்கும், மணல் நிறச் சுவர் உயிரில்லாமல் போகும். பெட்டியில் 3000 என்று போட்டிருந்தால் இதமான மஞ்சள், 4000 என்றால் நடு. பிள்ளைகள் ஹோலில்தான் படிக்கிறார்கள் என்றால் 4000 போதுமான சமரசம். பெயின்ற் வாங்குவதற்கு முன்பே பல்பை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் தெரிவு செய்த நிறமும் சேர்ந்து மாறிவிடும்.

படி 4: துணி

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. குஷன் உறைக்காகக் கடை கடையாக ஏற வேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். மெரூன் கட்டத்துக்குள் ஒரு கடுகு மஞ்சள் இழை, அதன் ஓரத்தில் கருநீலம். நெசவாளர் ஏற்கெனவே ஒத்துப்போகிற நிறங்களைத் தெரிந்து சேர்த்திருக்கிறார், உங்கள் அறைக்கான நிறப்பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது. அதிகம் உள்ள நிறத்தைத் திரைச்சீலைக்கு எடுங்கள், குறைந்த இழையின் நிறத்தை ஒரு சாடியிலோ படச் சட்டத்திலோ வையுங்கள், மிக வெளிறிய நிறத்தைச் சுவருக்கு ஒதுக்குங்கள்.

சாரத்தின் மூட்டுத் தையலைப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளத் துணி. 16 அங்குலக் குஷனுக்கு, தையலுக்கு விட்டு 17 அங்குல அகலத்தில் துணியின் குறுக்காக ஒரு பட்டி வெட்டினால் முன்பக்கமும், ஒன்றன்மேல் ஒன்று மடிகிற பின்பக்கமும் அதற்குள் வந்துவிடும். ஸிப் தேவையில்லை. ஒரு சாரத்தில் நான்கு உறை தைக்கலாம்.

வெட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: வெள்ளைத் துணித் துண்டை நனைத்துப் பிழிந்து, சாரத்தின் கடும் நிறத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஏறினால் தண்ணீர் தெளியும்வரை தனியாகக் கழுவுங்கள். மாரிக் காலத்து ஈரப்பதத்திலும் வியர்வையிலும் கழன்ற சாயம் வெள்ளைச் சோபாவில் ஏறினால் பிறகு எடுப்பது பெரும்பாடு. புது டெனிமும் அப்படித்தான்.

படி 5: இனிப் பெயின்ற் கடைக்கு

சோபாவின் கழற்றக்கூடிய உறை ஒன்று, சாரத் துண்டு, முடிந்தால் மிச்சம் கிடக்கிற டைல் துண்டு இவை கையில் இருக்கட்டும். நிற அட்டையில் சில நிறுவனங்கள் எல்.ஆர்.வி என்று ஓர் எண் போடும். அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. வெள்ளைச் சோபாவின் பின்சுவருக்கு 55 முதல் 70 வரை உள்ள நிறத்தைத்தான் நான் சொல்வேன். அறையும் இருளாது, சோபாவும் தனித்துத் தெரியும். அட்டையில் பார்க்கிற நிறம் நாலு சுவரில் ஏறும்போது இன்னும் அழுத்தமாகத் தெரியும், எனவே மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள்.

ஆகச் சிறிய டின்னை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹாட்போட்டில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். சுவரில் நேரடியாக அடித்தால் பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். போட்டைச் சோபாவின் பின்னால் சாய்த்துக் காலை, நண்பகல், இரவு பல்ப் வெளிச்சம் மூன்றிலும் பாருங்கள். மூன்றில் ஒன்றிலாவது முகம் சுளித்தால் அந்த நிறம் வேண்டாம்.

அளவுக்கு ஒரு கணக்கு. 12க்கு 14 அடி ஹோல், 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 520 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 80 கழித்தால் 440, ஏறக்குறைய 41 சதுர மீற்றர். ஒரு லீற்றர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ப் பெயின்ற்) ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் வரும். இரண்டு கோட்டுக்கு எட்டு லீற்றருக்குச் சற்று மேலே, ஆகவே 10 லீற்றர் வாளி ஒன்று போதும்.

பொங்கலுக்கு முன் அடிப்பது நம் வழக்கம், ஆனால் அது மாரியின் நடு. சுவர் ஈரமாக இருக்கும்போது அடித்தால் கொப்புளம் போட்டு உரியும். மழை விட்டுச் சுவர் காய்ந்த பிறகு, சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பாக அடிப்பது நல்லது. புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது நாலு கிழமை காயவிட்டு, சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிறைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே நிறத்துக்குப் போங்கள்.

மிஞ்சிய பெயின்றை மூடி இறுக்கி, நிற இலக்கத்தையும் அடித்த திகதியையும் வாளியில் எழுதி வையுங்கள். சோபா உரசுகிற இடத்தில் சுவர் எப்படியும் தேயும், அதற்கு அதே நிறம் வேண்டும்.