இரும்பு நீக்கும் மருந்தைக் குழந்தைக்கு விளக்க ஒரு காந்தம்

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தை இரும்பு நீக்கும் மருந்தைச் சாப்பிட அடம்பிடித்தால், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, பவானி ஆற்று மணலிலோ வீட்டு வாசல் மண்ணிலோ குழந்தையின் கையாலேயே இழுக்கச் சொல்லுங்கள். காகிதத்தில் இரும்பு கலந்த கரும்பொடி மீசைபோல ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரே இழுப்பில் மணல் சுத்தமாகிவிடாது என்பதையும் குழந்தையே பார்த்துவிடும்.

ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்துடனும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே வர, உடல் தானாக இழப்பதோ நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் அளவே என்பதால், மிஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் படிகிறது. மருந்து, மணலில் காந்தம் செய்வதுபோல, அதைப் பற்றிக்கொண்டு சிறுநீர் அல்லது மலம் வழியே வெளியேற்றுகிறது. ‘தினமும் எதற்கு?’ என்ற கேள்விக்கு, நான் பார்த்தவரை, அறிவுரையைவிட இந்த மணலே நல்ல பதில். டெஃபெரிப்ரோன் என்ற இரும்பு நீக்கும் மருந்தைச் சாப்பிடுவோருக்கு, வெளியேறும் இரும்பால் சிறுநீர் செந்நிறமாகப் போவதையும் இதைக் கொண்டே பயமின்றிப் புரியவைக்கலாம். ஆனால் அம்மருந்து எடுக்கும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் இது வேண்டாம். விழுங்கிய காந்தம் குடலுக்கு ஆபத்து. மருந்து உண்மையில் காந்தமல்ல, வேதிப்பொருள் என்பதை அறியத்தக்க பதின்வயதினருக்கு உடலில் சேர்ந்துள்ள இரும்பை உணர்த்தும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை அளவைக் காட்டிப் பேசுவதே பொருந்தும். ரத்தசோகைக்காகப் பள்ளியில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை இதற்கு நேர்மாறானது. மருத்துவர் சொல்லாமல் இக்குழந்தைகள் அதைச் சாப்பிடக் கூடாது.