ஒரு வெள்ளி போட்டா எத்தனை வெள்ளி பலன்? கணக்கு பாக்குறப்ப செய்யக்கூடாத தப்புங்க

போன மாசம் பினாங்குல எங்க கூட்டாளிங்க நாலு பேரு, தர்மத்துக்குன்னு சேர்த்த 3,000 வெள்ளிய (ரிங்கிட்) எங்க அனுப்புறதுன்னு மாமாக் கடையில உக்காந்து பேசுனோம். ஒரு தம்பி கைப்போன பாத்துட்டு "மலேரியாவ தடுக்குற கொசுவலைக்கே குடுத்துருவோம்ணே, பருவநிலை மாற்றமெல்லாம் பெரிய பிரச்சனையே இல்லன்னு நோபல் வாங்குனவங்களே சொல்லிட்டாங்க"ன்னான்.

இங்கதான் நெறைய பேரு வழுக்குறாங்க. 2004ல கோபன்ஹேகன்ல டென்மார்க் எழுத்தாளர் லோம்போர்க் கூட்டுன கூட்டத்துல 8 பொருளாதார நிபுணருங்க, அதுல 3 பேரு அப்பவே நோபல் வாங்குனவங்க, கையில 5,000 கோடி டாலர் இருந்தா எதுக்கு முதல்ல செலவு பண்ணலாம்னு வரிசைப்படுத்துனாங்க. எச்ஐவி தடுப்பு முதல்ல, சத்துக்குறைவு அடுத்து வந்துச்சு. அவங்க வரிசைப்படுத்துனது தீர்வுகளத்தான், பிரச்சனைகள இல்ல. கடைசிக்குப் போனது அன்னிக்கு மேசையில இருந்த, பூமிய சூடாக்குற புகைய குறைக்க நாடுங்க போட்ட கியோட்டோ ஒப்பந்தம் மாதிரி திட்டங்க. அதுக்காக பூமி சூடாகுறது சின்ன விஷயம்னு ஆயிடாது.

ஏன் கடைசிக்குப் போச்சுங்கறதுக்கு ஒரு பெரிய காரணம் டிஸ்கவுண்ட் ரேட், அதாவது பின்னாடி வரப்போற பலனுக்கு இன்னிக்கு மதிப்பு போட வருஷத்துக்கு எத்தன சதவீதம் கழிக்கிறோம்ங்கறது. இத பாக்காம விடுறதுதான் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப மோசமான தப்பு. பில்லு பின்னாடியே எழுதிக் காட்டுனேன்: 50 வருஷம் கழிச்சு வரப்போற 100 வெள்ளி பலனுக்கு இன்னிக்கு என்ன மதிப்பு? வருஷம் 5 சதவீதம்னு கழிச்சா 9 வெள்ளிகூட தேறாது, 1.4 சதவீதம்னா ஏறக்குறைய 50 வெள்ளி. 2006ல பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் தன்னோட பருவநிலை அறிக்கையில எடுத்துக்கிட்டது இந்த 1.4 பக்கந்தான். பலன் அதேதான், ரேட்ட மாத்துனா மதிப்பு அஞ்சாறு மடங்கு மாறுது, அந்த ரேட்டுக்குள்ள நம்ம பேரப்பிள்ளைங்கள நாம எவ்வளவு பெருசா நெனைக்கிறோம்ங்கறதும் ஒளிஞ்சிருக்கு.

இன்னொண்ணு, எங்கயோ ஒரு ஊருல வந்த பலன் எல்லா ஊருலயும் வரும்னு நம்புறது. நம்ம மலேசியாவுலயே 2018ல மனுஷங்களுக்குள்ள உள்ளூர்ல பரவுற மலேரியா ஒரு கேஸ்கூட பதிவாகல. சபா, சரவாக்ல வர்றது குரங்குகிட்டருந்து கொசு மூலமா, தோட்டம் காடுன்னு வேலைக்குப் போறவங்களுக்குத் தொத்துறது, அதுக்கு ராத்திரி படுக்கையில கட்டுற வலை பெருசா உதவாது. அதே வலைதான் ஆப்பிரிக்காவுல எத்தனையோ பிள்ளைங்க உயிர காப்பாத்துது.

"அப்ப வலை வேணாமாண்ணே?"ன்னு அந்தத் தம்பி கேட்டான். வேணும்பா, கண்டிப்பா வேணும். வலை குடுக்குற அமைப்புக்கு, எந்த ஊருக்குப் போகுது, அங்க ஏற்கனவே எத்தன வீட்டுல வலை இருக்கு, பலன எத்தன சதவீதம் கழிச்சுப் போட்டீங்கன்னு கேட்டு எழுதியிருக்கோம், பதில் வர்ற வரைக்கும் காசு பேங்க்லயே கெடக்கு.