பள்ளியில் படிக்கும்போதே ஊருக்கு ஒரு வேலை செய்வது எப்படி?

ஒன்பதாம் வகுப்போ பிளஸ் ஒன்னோ படிக்கிறீர்கள், ஊரில் ஏதோ ஒன்று சரியில்லை, அதை மாற்ற வேண்டும் என்று மனசு சொல்கிறது. அதே நேரத்தில் ஏதாவது புத்தாக்கப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள் என்று ஆசிரியரும் சொல்கிறார். நிறையக் குழுக்கள் இங்கேதான் தடம் மாறிப் போகின்றன. ஒரு ஆப், ஒரு சென்சார், தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி என்று கருவியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான பிரச்சனையை அப்புறம் தேடுகிறார்கள். நீங்கள் முதலில் ஆளைத் தேடுங்கள். அந்தப் பிரச்சனையால் தினமும் கஷ்டப்படுகிற ஒருவர், உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பேசக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவர்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் தொடங்கியது அப்படித்தான். தன் தெருவில் கரிப்பெட்டி வைத்துத் துணி தேய்ப்பவரைப் பார்த்து, கரியே இல்லாமல் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தபோது அவருக்கு 12 வயது. நல்ல வெயிலில் 5 மணி நேரம் நின்றால் 6 மணி நேரம் தேய்க்கலாம். 2021-ல் சுற்றுச்சூழலுக்கான சர்வதேச எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்தார், அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். எல்லோரும் அந்த மேடையைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது வேறு: அது தெருத்தெருவாகக் கொண்டுபோகிற வண்டியாகவே இருந்தது. துணி தேய்ப்பவரின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று கவனித்தவருக்குத்தான் அதை மாற்றாமல் விடத் தோன்றும்.

சரி, நீங்கள் எப்படித் தொடங்குவது? ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி விடுகிற நேரத்துக்கும் டவுன் பஸ் வருகிற நேரத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று வைத்துக்கொள்வோம், அதாவது மணி அடித்து நீங்கள் ஓடி வருவதற்குள் பஸ் போய்விடுகிறது, அடுத்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறீர்கள். 'பஸ் வசதி இல்லை' என்று எழுதினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. தொடர்ந்து இரண்டு வாரம் பஸ் நிறுத்தத்தில் நின்று, எந்தத் தடம், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மாணவர்கள் ஏற முடியாமல் நின்றார்கள், அதில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆனது என்று தினமும் எழுதுங்கள். கூடவே கண்டக்டர் அண்ணனிடமும் டிரைவரிடமும் பேசுங்கள். இந்த டிரிப் ஏன் இந்த நேரத்துக்கு வருகிறது, பத்து நிமிஷம் தள்ளினால் அடுத்த டிரிப்புக்கு என்ன ஆகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இந்தக் கணக்கோடு ஒரே பக்கத்தில் மனு எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் கொடுக்கலாம். அங்கே நகரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, உங்களுக்குப் பள்ளி இருக்கும் என்பதால் பெற்றோர் யாராவது கொண்டுபோகட்டும். மனுவின் நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

இதில் கருவி எதுவும் இல்லையே, இதெல்லாம் புத்தாக்கமா என்று யாராவது கேட்பார்கள். காசே செலவழிக்காமல் ஐம்பது பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வழி கண்டுபிடிப்பதும் புத்தாக்கம்தான். கருவி தேவைப்படுகிற பிரச்சனையும் உண்டு, அப்போது செய்யுங்கள்.

குழுவுக்கு நாலைந்து பேர் போதும். முதல் மார்க் வாங்குகிறவரும் மேடையில் பயமில்லாமல் பேசுகிறவரும் தானாகவே தலைவர் ஆகிவிடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒரு வாரம் ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும், அடுத்த வாரம் இன்னொருவர். அந்தப் பிரச்சனை இருக்கிற தெருவிலிருந்து ஒரு பிள்ளையாவது குழுவில் இருக்க வேண்டும், பேச்சு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டத்தை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வையுங்கள். சாயங்காலம் வைத்தால் பெண் பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள், பஸ்ஸும் போய்விடும், ஒரு மாதத்தில் பையன்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இது ரொம்ப முக்கியம்.

பெரியவர்களில் யாரைப் பிடிப்பது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், முதலில் அவர்களிடம் போங்கள். ஊராட்சி வேலை என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் அதன் உறுப்பினர்கள் என்பதால் உங்கள் கோரிக்கையை அம்மாவோ சித்தப்பாவோ எழுந்து சொல்லட்டும், அது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் மனுவில் சேருங்கள்.

இப்போது திட்டங்கள். அரசுப் பள்ளிகளுக்குத் தமிழக அரசின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் மானக் என்ற மாணவர் விருதுத் திட்டத்துக்கு ஒரு பள்ளி 5 யோசனைகள் வரை அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும், அதனால் கணக்கை முன்கூட்டியே தொடங்கி வையுங்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லிருந்து நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம், ஊரில் களஆய்வு செய்கிற குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கருத்து, உங்கள் நோட்டுக்கு அங்கே மதிப்பு உண்டு. பக்கத்துப் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் 3டி பிரிண்டரும் மின்னணுப் பொருட்களும் அங்கே இருக்கும், உங்கள் தலைமையாசிரியர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். அகமதாபாத்தில் கிரண் சேத்தி 2009-ல் தொடங்கிய டிசைன் ஃபார் சேஞ்ச் என்ற மாணவர் இயக்கம், உணர்வது, கற்பனை செய்வது, செய்வது, பகிர்வது என்று நான்கு படிகளில் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு மாதம் இருந்தால் அதில் பாதியை முதல் படிக்கே ஒதுக்குங்கள்.

எந்தப் போட்டிக்குப் போனாலும் விளக்கப் படங்களுக்கு முன்னால் ஆட்களைப் பற்றிப் பேசுங்கள், யாரிடம் கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார், நீங்கள் செய்த பிறகு என்ன மாறியது என்று. எதுவும் மாறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். சம்பந்தப்பட்டவரின் பெயரையும் படத்தையும் அவரிடம் கேட்காமல் போடக் கூடாது.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் முதல் நாளிலிருந்தே ஒன்பதாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் குழுவில் சேர்த்துக்கொண்டு, நோட்டு, மனு நகல், ரசீது, உதவி செய்த பெரியவர்களின் போன் நம்பர் எல்லாவற்றையும் டிசம்பருக்குள் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பஸ் நேரம் மறுபடி மாறியிருந்தால், அடுத்த மனுவை எழுதத் தெரிந்த ஆட்கள் அங்கே இருப்பார்கள்.